அடிக்காதே, தள்ளு: கோத்தகிரி மைதானத்திலிருந்து பள்ளிக்கூட ஹாக்கியின் ஒரு சின்ன வரலாறு

போன ஜனவரியில் ஒரு சொந்த வேலையாக இரண்டு நாள் கோத்தகிரி போயிருந்தேன். காலையில் பனி சரியாக விலகாத நேரம். நான் படித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டி நடந்தபோது மைதானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய், அடிக்காதே! தள்ளு... தள்ளு!"

அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், இதே வார்த்தைகளை வேறொரு குரலில் தினமும் கேட்டிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்தால் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஹாக்கி மட்டை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பந்து மூன்று. நடுவில் விசிலோடு பி.டி. சார்.

எங்கள் ஊர் மைதானங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலகிரியில் சமதளம் என்று ஒன்று இயற்கையாகக் கிடைப்பது அபூர்வம். மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டித்தான் மைதானம் ஆக்குவார்கள். அதனால் ஒரு பக்கம் மண்சுவர் இருக்கும், இன்னொரு பக்கம் தேயிலைத் தோட்டம் சரிந்து இறங்கும். மண்சுவர்ப் பக்கம் போன பந்து திரும்பி வரும். தேயிலைப் பக்கம் போன பந்து வராது. யாராவது இறங்கித்தான் எடுக்கணும்.

பீரியட் முடிந்ததும் சாரிடம் பேசினேன். "சார், இந்த 'அடிக்காதே, தள்ளு' யார் சொல்லிக்கொடுத்ததுங்க?" என்று கேட்டதற்குச் சிரித்தார். "எங்க சார் சொன்னதுங்க. அவருக்கு அவரோட சார் சொல்லியிருப்பாரு. அவரு மெட்ராஸ் ஒய்.எம்.சி.ஏ.வுல படிச்சவர்னு சொல்லுவாங்க."

அந்த ஒரு வரி மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஹாக்கி பாஸ் ஒரு வாத்தியாரிடமிருந்து இன்னொரு வாத்தியாருக்கு, அவரிடமிருந்து பிள்ளைகளுக்கு என்று கைமாறி இந்த மைதானம் வரை வந்திருக்கிறது. அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும்? இந்தக் குறிப்புகள் அந்தத் தேடலில் கிடைத்தவை.

டிரில் மாஸ்டர் காலம்

நீலகிரியில் ஆங்கிலேயரின் கதை தொடங்குவதே கோத்தகிரிப் பக்கம்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து முதலில் தங்கிய பகுதி இது. கன்னேரிமுக்கில் அவர் பேரில் இன்றும் ஒரு நினைவகம் இருக்கிறது. அவருக்குப் பின்னால் படை வந்தது, படைக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வந்தது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 1850களில் படைவீரர் குடியிருப்புகள் எழுந்தன. 1858இல் ஊட்டியில், படைவீரர்களின் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் அசைலம் தொடங்கப்பட்டது. இன்று லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியின் ஆரம்பம் அதுதான்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் டிரில். பெரும்பாலும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான் டிரில் மாஸ்டர். வரிசையாக நில், வலது பக்கம் திரும்பு, கையைத் தூக்கு, இறக்கு. அங்கே பிள்ளை தானாக முடிவெடுக்க ஒன்றுமே கிடையாது. உத்தரவு வரும், உடம்பு கேட்கும். அவ்வளவுதான்.

ஹாக்கி வந்தது வேறு வழியில். இங்கிலாந்தில் விதிமுறையோடு உருவான ஆட்டத்தை ராணுவம்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1885 வாக்கில் கல்கத்தாவில் முதல் ஹாக்கி கிளப். 1895இல் அங்கேயே பெய்ட்டன் கோப்பை. 1901இல் சென்னையில் எம்.சி.சி. ஹாக்கிப் போட்டி. இன்று எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை என்று நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சிதான். ராணுவம், ரயில்வே, ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் என்ற மூன்று இடங்களில் ஹாக்கி வேர்பிடித்தது.

இதில் மலைப்பள்ளிகளின் பங்கை நாம் அதிகம் பேசுவதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் தங்கம் வாங்கியது. 29 கோல் போட்டது, ஒரு கோல்கூட வாங்கவில்லை. கோல் காத்தவர் ரிச்சர்ட் ஆலன். அவர் படித்தது முசோரியிலும் நைனிடாலிலும், இரண்டுமே இமயமலை அடுக்குகளில் இருக்கும் ஊர்கள். அணியில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். குளிர்ந்த ஊர், விடுதிப் பள்ளி, சாயங்காலம் கட்டாய விளையாட்டு என்ற மூன்றும் சேர்ந்தால் ஆட்டக்காரர்கள் உருவாவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த மைதானங்கள் எல்லாருக்கும் திறந்தவை அல்ல. படகர் ஹட்டியிலிருந்து வரும் பிள்ளையும், எஸ்டேட் லைனிலிருந்து வரும் பிள்ளையும் மட்டையைக் கையில் பிடிக்க இன்னொரு கதவு திறக்க வேண்டியிருந்தது. அந்தக் கதவு விடுதிப் பள்ளியில் திறக்கவில்லை. சாதாரணப் பள்ளிக்கூடத்தின் பி.டி. பீரியடில்தான் திறந்தது.

சென்னைக்கு வந்த ஒரு அமெரிக்கர்

ஹாரி குரோ பக். அமெரிக்காக்காரர், ஒய்.எம்.சி.ஏ. அனுப்பிவைத்து 1919இல் சென்னைக்கு வந்தார். அடுத்த வருஷமே, அதாவது 1920இல், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதலாவது என்று சொல்லப்படும் அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவின் பொறுப்பும் இவரிடம்தான் இருந்தது. 1943இல் இறக்கும்வரை இந்த வேலையை விடவில்லை.

பக் கொண்டுவந்த மாற்றத்தை ஒரு வரியில் சொன்னால், டிரில் மாஸ்டர் இடத்துக்கு விளையாட்டு வாத்தியார் வந்தார். உடற்கல்வி என்றால் கைகால் அசைப்பது மட்டும் அல்ல, ஆடுவதும்தான்; அதுவும் அணியில் இருக்கும் பதினொரு பேர் மட்டும் அல்ல, வகுப்பில் இருக்கும் எல்லாரும் ஆடணும். இதுதான் ஒய்.எம்.சி.ஏ. மரபின் அடிப்படை. விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம் இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் புழங்கியது.

இங்கேதான் பாஸ் கதைக்குள் வருகிறது. ஒரு வகுப்புக்கே ஹாக்கி சொல்லித்தரணும் என்றால் முழு ஆட்டத்தை ஆடவிட்டுப் பிரயோஜனம் இல்லை. நன்றாக ஆடத் தெரிந்த நாலு பேர் பந்தை வைத்துக்கொள்வார்கள், மற்ற முப்பத்தாறு பேர் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஆட்டத்தைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு சின்ன விளையாட்டாக மாற்றி, கடைசியில் சேர்க்க வேண்டும். இந்த முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மாகாணம் முழுக்கப் போனார்கள். எங்கள் சாரின் சார் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

ஏன் தள்ளணும்?

ஹாக்கியில் பந்தை அனுப்ப வழிகள் பல. இரண்டு கையும் சேர்த்துப் பிடித்து, மட்டையைப் பின்னால் கொண்டுபோய் ஓங்கி அடிப்பது ஹிட். கைகளை அகட்டிப் பிடித்து, மட்டை பந்தைத் தொட்டபடியே இருக்க, உடம்பின் எடையை முன்காலுக்கு மாற்றித் தள்ளுவது புஷ். பந்தைத் தரையிலிருந்து கிளப்பி விடுவது ஃப்ளிக், இன்னும் உயரமாக வாரி எறிவது ஸ்கூப்.

பள்ளிக்கூடத்தில் முதலில் புஷ் சொல்லித்தருவதற்கு முதல் காரணம் பாதுகாப்பு. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கல் மாதிரி கெட்டி. நாற்பது பேர் நிற்கும் இடத்தில் ஒருத்தன் மட்டையை ஓங்கினால், பந்து யார் மேலாவது படுவதற்கு முன்னால் மட்டையே யார் முகத்திலாவது பட்டுவிடும். புஷ்ஷில் மட்டை தரையைவிட்டு எழும்பாது.

இரண்டாவது காரணம் நேர்த்தி. ஓங்கி அடிக்கும்போது மட்டை பந்தைத் தொடும் நேரம் கண்ணிமைப்பைவிடக் குறைவு. தள்ளும்போது பந்தோடு மட்டை கொஞ்ச தூரம் கூடவே போகும். திசையைக் கடைசி நொடிவரை மாற்றலாம். புதிதாகப் பிடிக்கும் பிள்ளைக்கு இது பெரிய சலுகை.

மூன்றாவது, ஹாக்கி மட்டையின் ஒரு விசித்திரம். அதற்குத் தட்டையான பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கத்தால் மட்டும்தான் ஆட முடியும். இடதுகைப் பிள்ளைக்கென்று தனி மட்டை விதிகளில் கிடையாது, எல்லாரும் வலதுகைக்காரர் மாதிரிதான் பிடிக்கணும். அதனால் நம் இடது பக்கம் நிற்பவருக்குப் பந்தை அனுப்புவது எளிது. வலது பக்கம் நிற்பவருக்கு அனுப்புவது கஷ்டம். அதற்குக் காலை முதலில் திருப்பி, பந்தை உடம்புக்குக் கொஞ்சம் பின்னால் விட்டு, தோளையும் திருப்பித் தள்ள வேண்டும். இல்லையென்றால் மட்டையைக் கவிழ்த்துப் பிடித்து ரிவர்ஸில் ஆடணும், அது இன்னும் கஷ்டம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். ஒன்பதாவது படிக்கும்போது குறுவட்டப் போட்டி. கோல் எதுவும் விழாமல் ஆட்டம் கடைசி நிமிஷம் வரை வந்துவிட்டது. பந்து என்னிடம். வட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். ஹாக்கியில் அந்த வட்டத்துக்குள் இருந்து போட்டால்தான் கோல். எனக்கு வலது பக்கம் பத்தடியில் என் வகுப்புப் பையன் ஒருத்தன் தனியாக நின்றுகொண்டு கத்துகிறான். எனக்குக் கேட்டது. ஆனால் வலது பக்கம் தள்ளக் கால் திரும்பவில்லை. நானே இரண்டு பேரை ஏமாற்றிப் போகலாம் என்று நினைத்தேன். மூன்றாவது ஆள் பந்தைப் பிடுங்கினான். அந்தப் பந்து அப்படியே எங்கள் பக்கம் போய் கோல் விழுந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முழுக்க, ஒவ்வொரு பீரியடிலும், வலது பக்க பாஸ் மட்டும்தான். "காலு முதல்ல, மட்டை அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவனைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சார் எங்கள் இரண்டு பேரையும்தான் ஜோடியாக நிறுத்தினார்.

தியான்சந்த் ஒரு மந்திரவாதியா?

இந்திய ஹாக்கி என்றதும் நம் மனதில் வருவது டிரிபிளிங். பந்து மட்டையில் ஒட்டிக்கொண்ட மாதிரி எதிராளிகளைத் தாண்டிப் போவது. தியான்சந்தை மந்திரவாதி என்றே உலகம் அழைத்தது. அவர் மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 29ஐத் தேசிய விளையாட்டு நாளாகப் பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறோம். அன்றைக்கும் இந்தக் கதைகளைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

ஆனால் அவரை நெருக்கமாகப் பார்த்தவர்கள் சொல்வது கொஞ்சம் வேறு. 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளில் ஆடிய கேசவ் தத், தியான்சந்தின் பலம் மட்டையைவிட மூளையில்தான் இருந்தது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். தன் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமலே தெரிந்து பந்தை அனுப்பத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

கணக்கைப் பார்த்தாலும் இது விளங்கும். 1932 லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்று வென்றது. அதில் தியான்சந்த் போட்டது 8 கோல். அவர் தம்பி ரூப்சிங் போட்டது 10. குர்மீத் சிங் 5. மந்திரவாதி தனியாக ஆடியிருந்தால் கணக்கு இப்படி வந்திருக்காது. முன்வரிசையில் ஐந்து பேர் நின்று, குட்டை குட்டையான பாஸ்களால் முன்னேறிய அணி அது.

அந்தக் குட்டை பாஸ்களுக்கு விதியும் ஒரு காரணம். அப்போது ஹாக்கியில் ஆஃப்சைடு உண்டு. முன்னால் நிற்பவருக்கும் கோலுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்கணும். அதனால் ஒருத்தரைக் கோலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, நீளமாக ஒரு பந்தை அனுப்பிவிட முடியாது. பக்கத்து ஆளுக்குக் கொடு, ஓடு, திரும்ப வாங்கு. 1972இல் அந்த மூன்று இரண்டாகக் குறைந்தது. 1990களின் கடைசியில் ஆஃப்சைடே எடுக்கப்பட்டுவிட்டது.

டிரிபிளிங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாத்தியார் கண்ணிலிருந்து பாருங்கள். டிரிபிளிங் ஒரு பிள்ளைக்கு வரும், இன்னொரு பிள்ளைக்கு வராது. மட்டை கையிலேயே கிடக்கும் பிள்ளைக்கு வரும். வாரத்துக்கு இரண்டு பீரியட், நாலு பேருக்கு ஒரு மட்டை என்று இருக்கும் இடத்தில் அது நடக்காது. பாஸ் அப்படியில்லை. அதை நாற்பது பேருக்கும் சொல்லித்தர முடியும். அதுவும் இன்னொரு பிள்ளை இல்லாமல் பழகவே முடியாது.

பதினொரு மட்டை, நாற்பது பிள்ளை

அன்றைக்கு கோத்தகிரி மைதானத்தில் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பி.டி. ஆசிரியர் யாராவது படித்தால் உதவும்.

முதலில் மட்டையே இல்லை. எல்லாரும் இடது கால் முன்னால், முட்டி மடக்கி, எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றிப் பழகுகிறார்கள். "மாவாட்டுற மாதிரி ஆடாதே, ஒரே தள்ளு" என்கிறார் சார்.

அடுத்து ஜோடி. ஐந்து மீட்டர் தள்ளி நின்று ஒருத்தர் தள்ள, மற்றவர் நிறுத்த. பந்து மூன்றுதான் என்பதால் மற்ற ஜோடிகளுக்கு டென்னிஸ் பந்து. நிறுத்தும்போது மட்டையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடிக்கணும், பந்து தொடும்போது கை இறுக்கத்தைத் தளர்த்தணும். இல்லையென்றால் பந்து மட்டையில் பட்டுத் தெறித்து ஓடும். மட்டை கிடைக்காத பிள்ளைகள் சும்மா நிற்கவில்லை. எத்தனை பாஸ் விடாமல் போகிறது என்று சத்தமாக எண்ணுகிறார்கள். பத்து வந்ததும் மட்டை கைமாறும்.

அப்புறம் கல் வாசல். இரண்டு கல்லை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, நடுவில் பந்து போகணும். கடைசியாக மூன்று பேர் வட்டமாக, நடுவில் ஒருத்தன். அவன் கைக்குப் பந்து சிக்காமல் மூன்று பேரும் பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்கணும். பந்தைக் கொடுத்தவன் கொடுத்த இடத்திலேயே நிற்கக் கூடாது, நகரணும்.

மைதானம் லேசாகச் சரிவு. மேலே இருந்து கீழே தள்ளும்போது மெதுவாக, கீழே இருந்து மேலே தள்ளும்போது அழுத்தி. பாதி நேரத்தில் இடம் மாற்றிவிடுவார். சமதளத்தில் ஆடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தப் பழைய சட்டம் இன்னும் இருந்தது. பந்து தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விட்டால், பாஸ் கொடுத்தவனும் போகணும், வாங்காமல் விட்டவனும் போகணும். இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கி எடுத்துக்கொண்டு வரணும். யார் தப்பு என்று சண்டை போட அங்கே இடமே இல்லை. என் காலத்தில் அந்தச் சரிவில் இறங்கி ஏறியபோதுதான் நான் முதன்முதலாகப் பேசிய பையன்கள் உண்டு. ஹட்டிப் பிள்ளைகள் ஒரு பக்கம், டேன்டீ லைன் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று வகுப்பில் உட்காருவோம். தேயிலைக்குள் பந்து தேடும்போது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்காது.

மண் தரையும் செயற்கைத் தரையும்

இனி வருத்தமான பகுதி. 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் அந்த அணியில் இருந்தார். அது புல்தரை. அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக். முதன்முறையாகச் செயற்கைத் தரை. இந்தியா ஏழாவது இடம்.

1980 மாஸ்கோவில் தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அதற்கப்புறம் ஒரு ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 வருஷம் காத்திருந்தோம். 2021இல் டோக்கியோவில் வெண்கலம், 2024இல் பாரிஸில் மறுபடி வெண்கலம்.

இந்தச் சரிவுக்குத் தரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தரை மாறியதும் பாஸின் இலக்கணமே மாறிவிட்டது என்பது உண்மை. மண்ணில் பந்து குதிக்கும், கல்லில் பட்டுத் திரும்பும். அதனால் மண்ணில் ஆடும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது நிறுத்துவது. பந்து தன்னிடம் நேராக வரும் என்று அவன் நம்புவதே இல்லை. செயற்கைத் தரையில் பந்து கோடு போட்ட மாதிரி வரும், ஆனால் வேகமாக வரும். நிறுத்தி, பார்த்து, யோசித்து, அப்புறம் கொடுக்க அங்கே நேரம் இல்லை. வாங்குவதற்கு முன்னாலேயே யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்திருக்கணும்.

சென்னையில் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் இருக்கிறது. 2023இல் அங்கே ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றது. 2025இல் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. சந்தோஷம்தான். ஆனால் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, ஒரு தேர்வுக்காக முதன்முறையாக நீலத் தரையில் கால் வைக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முதல் பந்து மட்டையைத் தாண்டிப் போய்விடும். அதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

குடும்பம், ஊர், பீரியட்

நீலகிரிக்கு வடமேற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகு இருக்கிறது. அங்கேயும் எஸ்டேட், அங்கேயும் ராணுவ மரபு. அங்கே ஹாக்கி ஒரு குடும்பத் திருவிழா. 1997இல் பாண்டண்ட குட்டப்பா என்பவர் கொடவ குடும்பங்களுக்கு இடையே ஒரு போட்டி தொடங்கினார். முதல் வருஷம் 60 குடும்ப அணிகள். சமீப வருஷங்களில் அது 300ஐத் தாண்டிவிட்டது. தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் ஆடுவார்கள். அங்கே ஒரு பிள்ளை பாஸ் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை, வீட்டு முற்றம் போதும்.

தெற்கே கோவில்பட்டி. அங்கே ஹாக்கி ஊரோடு ஒட்டியது. பழைய ஆட்டக்காரர்கள் சின்னப் பையன்களை விடியற்காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கிருந்து மாரீஸ்வரன் மாதிரி இந்திய அணி வரை போனவர்கள் உண்டு.

எனக்குத் தெரிந்த கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி குடும்பத்திலும் இல்லை, ஊரிலும் இல்லை. அவர்களுக்கு ஹாக்கி என்றால் பி.டி. பீரியட்தான். வாரத்தில் இரண்டு முறை நாற்பது நிமிஷம். பிறகு குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் பாரதியார் தினம், குடியரசு தினம் என்று பள்ளிக்கல்வித் துறை நடத்தும் மாநிலப் போட்டிகள். இந்த ஏணியின் முதல் படி அந்த நாற்பது நிமிஷம்தான்.

அந்த முதல் படி எப்படிப் போகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். பத்தாவது வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்பார். போர்ஷன் முடியலை என்பார். பெற்றோரும் சரி என்பார்கள். நானே என் பையன் விஷயத்தில் தலையாட்டியிருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டிரில் மாஸ்டர் இடத்தில் விளையாட்டு வாத்தியாரை உட்கார வைக்க 1920இல் ஒரு கல்லூரியே தொடங்க வேண்டியிருந்தது. அவரை அந்த இடத்திலிருந்து எழுப்ப எதுவும் வேண்டாம். டைம்டேபிளில் ஒரு கட்டத்தை அழித்தால் போதும்.

சாரிடம் விடைபெறும்போது கேட்டேன். "எப்போ சார் ரிட்டயர்மென்ட்?"

"அடுத்த வருஷம்ங்க."

"அப்புறம் யாரு?"

"யாராவது வருவாங்க. வர்றவங்களுக்கு ஹாக்கி தெரிஞ்சிருக்கணும்னு இல்லையே. வாலிபால் ஆளா இருந்தா வாலிபால் சொல்லித் தருவாரு. அதுவும் நல்லதுதானுங்க." கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பதினொரு மட்டையை மட்டும் எண்ணெய் போட்டு வெச்சுட்டுப் போவேன்."

அதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிட்டது. ஏழாவது, பெண் பிள்ளைகளும் சேர்ந்து. ஒல்லியாக ஒரு பாப்பா, வலது பக்கம் நிற்கும் தோழிக்குப் பாஸ் கொடுக்கப் பார்த்தாள். மட்டைதான் திரும்பியது, கால் திரும்பவில்லை. பந்து தோழியைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, தேயிலைக்குள் போய்விட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் தோழியும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார்கள்.

பந்தோடு ஏறி வந்ததும் சார் சொன்னார், "காலு முதல்ல கண்ணு, மட்டை அப்புறம்."

இந்த முறை கால் திரும்பியது.